குளிர்சாதனப் பெட்டியும் குடும்பக் கணக்கும்

ஒருகொடவத்தைச் சந்தியில் மாலை வேளையில் சிறிது நேரம் நின்று பார்ப்பவர், இந்நாட்டின் பொருளாதாரம் சில்லுகளின் மேல் ஏறிச் செல்வதைக் காணலாம். துறைமுகத்திலிருந்து வரும் நீண்ட கொள்கலன் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து வந்து, அயலிலுள்ள கொள்கலன் முற்றங்களுட் புகுகின்றன. அவற்றுட் சில வெண்ணிறமானவை; முகப்பில் குளிரூட்டும் இயந்திரம் பொருத்தப்பட்டவை. வெளியே முப்பது பாகை வெப்பம். உள்ளே உறைநிலைக்குக் கீழே பதினெட்டுப் பாகைக் குளிர். கடல் கடந்து வந்த இறைச்சியும் மீனும் அந்தக் குளிரில் கெடாமல் உறங்குகின்றன. அவ்வண்டி நிற்கும் இடத்திலிருந்து கல்லெறி தூரத்தில், தகரக் கூரையிட்ட ஒரு வீட்டில், மதியம் ஆக்கிய மீன்கறி இரவுக்குள் கெட்டுவிடாதிருக்க ஒரு தாய் அதனை மறுபடியும் அடுப்பிலேற்றிச் சூடு காட்டுகிறாள்.

குளிர் என்பதும் ஓர் உடைமையே. அது யாரிடம் இருந்தது, யாரிடம் இல்லை, இல்லாதவரிடம் எவ்வழியாக வந்து சேர்ந்தது, வந்தபின் அதற்கு அவர் கொடுத்த விலை யாது என்பவற்றை ஆராய்வது, அரசர்களின் பட்டாபிஷேக ஆண்டுகளை மனனஞ் செய்வதைவிடப் பயனுள்ள வரலாறாகும் என்பது எமது எண்ணம்.

இவ்வாராய்ச்சியில் எம்மை ஈடுபடுத்தியவர் ஓர் ஆசிரிய நண்பர். ஒருகொடவத்தையில் வாடகை வீட்டில் மனைவி, இரு பிள்ளைகள், நீரிழிவு நோயுற்ற தாய் ஆகியோருடன் வாழ்பவர். தாயாருக்கு இன்சுலின் ஊசி மருந்து விதிக்கப்பட்டிருக்கிறது. “வீட்டுக்கு ஒரு பிறிட்ஜ் வாங்கவேண்டும், கையிலுள்ள பணமோ கொஞ்சம். எதை வாங்குவது?” என்று அவர் எம்மை வினவினார். கடைக்காரரிடம் கேட்கவேண்டிய கேள்வியை எம்மிடம் ஏன் கேட்கிறீர் என்றோம். “கடைக்காரர் விற்கிறவர், நீங்கள் விற்கிறவர் அல்லவே” என்றார். அவருக்கு ஒரே வாக்கியத்தில் விடை கூற எம்மால் இயலவில்லை. இக்கட்டுரை அந்த விடையே.

பனிக்கட்டி ஏறிய கப்பல்

வெப்ப நாடுகளில் குளிர் முதன்முதலில் விலைப்பொருளாக வந்திறங்கியது ஆளும் வர்க்கத்தின் கிண்ணத்திலேயாகும். அமெரிக்காவின் பொஸ்டன் நகர வணிகர் பிரெடெரிக் தியூடர், குளிர்காலத்தில் உறைந்து கிடக்கும் ஏரிகளிலிருந்து பனிக்கட்டியை அறுத்தெடுத்து, மரத்தூளில் பொதிந்து, உலகின் வெப்பத் துறைமுகங்களுக்கு அனுப்பினார். 1833ஆம் ஆண்டில் அவருடைய ‘டஸ்கனி’ என்னுங் கப்பல் 180 தொன் பனிக்கட்டியுடன் கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. நான்கு மாதக் கடற்பயணத்தில் ஒரு பகுதி உருகி நீராகிக் கடலுடன் கலக்க, ஏறக்குறைய 100 தொன் கரை சேர்ந்தது. வெள்ளைத் துரைமாரின் குடிவகைகளைக் குளிர்விக்கவும், காய்ச்சல் கண்டவரின் நெற்றியில் வைக்கவும் அது உதவிற்று. சென்னைக் கடற்கரையில் திருவல்லிக்கேணியருகே 1840களில் எழுந்த ‘ஐஸ் ஹவுஸ்’ அந்த வாணிபத்தின் களஞ்சியமே. 1897இல் மேலைநாட்டிலிருந்து திரும்பும் வழியில் கொழும்பில் இறங்கிய விவேகானந்தர், சென்னை சென்றபோது தங்கியது அக்கட்டிடத்திலேதான். அதற்கு முன்னரே பனிக்கட்டி வாணிபம் அதனைக் கைவிட்டிருந்தது. இயந்திரம் பனிக்கட்டி செய்யத் தொடங்கிய பின்னர், ஏரியை அறுத்துக் கப்பலேற்றுவது இலாபந்தரும் தொழிலாக இருக்கவில்லை.

ஆவியாகும் திரவம் தன்னைச் சூழ்ந்த வெப்பத்தை உறிஞ்சும். அந்த ஆவியை அமுக்கினால் மீண்டும் திரவமாகி, உறிஞ்சிய வெப்பத்தை வெளியே விடும். இந்தச் சாதாரண உண்மையை இயந்திரமாக்கி ஜேக்கப் பெர்க்கின்ஸ் 1834இல் இலண்டனில் காப்புரிமை பெற்றார். 1870களில் ஜேர்மனியரான கார்ல் பொன் லின்டே அமோனியா வாயுவைக் கொண்டு, பியர் வடிசாலைகளுக்கான பெரும் இயந்திரங்களை உருவாக்கினார். இன்று நம் வீட்டு மூலையில் முனகிக்கொண்டு நிற்கும் பெட்டிக்குள்ளே நிகழ்வதும் அதே சுழற்சியே. குளிர்ப்பெட்டி குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளிருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது. இந்த உண்மையை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டும். பின்னர் பெட்டியைத் தெரிவுசெய்யும்போது இது உதவும்.

கொழும்பில் 1866ஆம் ஆண்டிலேயே கொழும்பு ஐஸ் கொம்பனி தோன்றிவிட்டது. சோடாவும் இஞ்சிப் பானமும் பின்னர் ஐஸ்கிறீமும் அதன் வழிவந்தவை. பல உருமாற்றங்களுக்குப் பின்னர் 1941இல் அது சிலோன் கோல்ட் ஸ்டோர்ஸ் என்னும் பெயரைப் பெற்றது. யானைச் சின்னத்துடன் விற்கப்படும் பானத்தை இன்று அறியாத சிறுவர் இல்லை. ஆயினும் அக்காலத்தில் பனிக்கட்டியின் வாடிக்கையாளர் யாவர்? உல்லாச விடுதிகளும், கப்பல்களும், கறுவாத் தோட்டத்து மாளிகைகளுமே. பனிக்கட்டியைச் சாக்கில் சுற்றித் தோளில் சுமந்து சென்ற தொழிலாளிக்கு அதன் குளிர் எட்டியது தோளின் தோலில் மட்டுமே.

மின்சாரம் யாருடைய வாசலுக்கு வந்தது?

பெருந்தொழிற்சாலையின் இயந்திரம் சிறுத்து வீட்டுக்குள் புகுவதற்கு இரண்டு நிபந்தனைகள் தேவைப்பட்டன. ஒன்று, சிறிய மின்மோட்டார். மற்றையது, வீட்டு வாசலில் மின்சாரம். அமெரிக்காவில் 1927இல் ஜெனரல் எலெக்றிக் வெளியிட்ட, தலையில் வட்ட வடிவ இயந்திரம் பொருந்திய பெட்டியே பெருந்தொகையாக விற்பனையான முதல் வீட்டுக் குளிர்ப்பெட்டிகளுள் ஒன்று. மின்சாரம் இல்லாத இடங்களுக்கும் ஒரு வழி பிறந்தது. சுவீடனைச் சேர்ந்த பொன் பிளாட்டன், முன்டேர்ஸ் என்னும் இரு மாணவர் 1922இல், வெப்பத்தைக் கொண்டே குளிரைப் பெறும் அமைப்பொன்றைக் கண்டறிந்தனர். அவ்வழியில் வந்த மண்ணெண்ணெய்க் குளிர்ப்பெட்டிகள் குடியேற்ற நாடுகளின் தோட்டங்களிலும் மருத்துவ நிலையங்களிலும் இடம்பெற்றன. மலைநாட்டிலே துரையின் பங்களாவில் குடிவகையைக் குளிர்விக்க ஒரு பெட்டி; கீழே லயத்துக் காம்பராவில் பாலைக் கெடாமல் வைக்கக் குளிர்ந்த தண்ணீர்ச் சட்டி. ஒரே மலையில் இரண்டு காலங்கள் அருகருகே வாழ்ந்தன.

இலங்கையின் நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்சாரம் பெறலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918ஆம் ஆண்டிலேயே விளக்கிக் காட்டினார். லக்சபானவின் முதற் கட்டம் மின்சாரம் வழங்கியதோ 1950இல். இடையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்தன. எரிபொருள் விற்ற கொம்பனிகளுக்கும், சொந்த இயந்திரம் வைத்திருந்த தோட்டங்களுக்கும் அவசரம் இருக்கவில்லை. குடியேற்ற ஆட்சிக்கோ மக்களின் அடுக்களை கண்ணிற் படவில்லை.

அந்த மின்சாரம் மலையிலிருந்து இறங்கிக் கொழும்புக்கு வந்து சேர்ந்த இடம், ஒருகொடவத்தைக்கு அயலிலுள்ள கொலன்னாவையாகும். 1960களில் களனி கங்கைக் கரையில் களனிதிஸ்ஸ அனல்மின் நிலையமும் எழுந்தது. நாட்டுக்கு ஒளி கொடுக்கும் கம்பிகள் தலைக்கு மேலே செல்ல, அவற்றின் கீழே வாழ்ந்தவர் பலர் மண்ணெண்ணெய் விளக்கில் வாழ்ந்தனர். 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்போதும், நாட்டின் வீடுகளில் ஏறத்தாழ 15 வீதமானவற்றுக்கே மின்சாரம் கிடைத்திருந்தது. மின்சாரம் அனைத்து வீடுகளையும் அடைந்தது 2010களிலேதான். ஆகவே, குளிர்ப்பெட்டி ஓர் ஆடம்பரம் என்னும் எண்ணம் நம் மக்களிடையே வேரூன்றியதில் வியப்பில்லை. அதனை ஆடம்பரமாக வைத்திருந்தது மக்களின் மனப்பாங்கன்று. கம்பி செல்லாத வீதியும் கையில் இல்லாத பணமும் அதை ஆடம்பரமாக்கின.

பொதுக் குளிர் என்றொரு கனவும் இருந்தது. 1950களில் கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா வழங்கிய உதவியுடன் முகத்துவாரத்தில் மீனுக்கான குளிர்க்களஞ்சியம் அமைந்தது. 1964இல் அரச மீன்பிடிக் கூட்டுத்தாபனம் உருவாகியது. பிடித்த மீனைப் பொதுக் களஞ்சியத்தில் காத்து, நியாய விலையில் நகர மக்களுக்கு விற்பதே அதன் நோக்கம். குளிரைத் தனியொருவரின் பெட்டியாகக் கருதாது சமூகத்தின் வசதியாகக் கருதிய சிந்தனை அது. அச்சிந்தனை முழுமையாக வளரவில்லை. அதன் இடத்தை வீட்டுக்கு வீடு ஒரு பெட்டி என்னும் வழி பிடித்துக்கொண்டது.

பெட்டி வந்த வழிகள்

1970ஆம் ஆண்டு தொடக்கம் 1977 வரை அந்நியச் செலாவணிப் பஞ்சத்தால் இறக்குமதிகள் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டன. அக்காலத்தில் ஒரு குளிர்ப்பெட்டியைப் பெறுவதற்கு எளிய வழி, நாடு திரும்பும் வெளிநாட்டுத் தூதரக அலுவலரின் பழைய பெட்டியை வாங்குவதாகும். அப்படிப்பட்ட பழைய சாதனங்களை வாங்கித் திருத்தி விற்பதில் தொடங்கியே, 1960களின் இறுதியில் ஆபான் பெஸ்டன்ஜி என்னும் பெண்மணி பெரும் வணிக நிறுவனமொன்றை வளர்த்தெடுத்தார். பழைய பொருளைத் திருத்தத் தெரிந்த கைகளுக்கு அன்று மதிப்பு இருந்தது என்பதை இங்கு குறித்துக்கொள்வோம்.

1977இல் சந்தை திறக்கப்பட்டது. கடைகளின் கண்ணாடிக்குப் பின்னே புதிய பெட்டிகள் வரிசையாக நின்றன. அதே காலத்தில் மத்திய கிழக்கு நாடுகளின் வீடுகளில் வேலைசெய்ய நமது பெண்கள் புறப்பட்டனர். அவர்களின் தொகை பெருகி, 1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அமைக்கப்படும் அளவுக்கு வளர்ந்தது. பல ஏழை வீடுகளுக்கு முதற் குளிர்ப்பெட்டி வந்தது அவ்வீட்டுத் தாய் ஈராண்டு பாலைவன நாட்டில் வேறொருவரின் குளிர்ப்பெட்டியைத் துடைத்த கூலியிலே. அதனுள் வைத்த பாலைக் குடித்த குழந்தை, அந்த ஈராண்டும் தாயின் முகத்தைக் காணாமல் வளர்ந்தது. இந்தச் செலவு எந்த விலைச்சீட்டிலும் எழுதப்படவில்லை.

1987இல் ரெக்னிஸ் லங்கா என்னும் நிறுவனம் தோன்றி, உள்நாட்டிலேயே குளிர்ப்பெட்டி உற்பத்தி வளர்ந்தது. சிங்கர் என்னும் பெயரைத் திருப்பி வாசித்தால் ரெக்னிஸ். அந்தச் சிங்கர் கொம்பனி 1877இலேயே கொழும்பில் கடை திறந்தது. தையல் இயந்திரத்தைத் தவணைப் பணத்துக்கு விற்கும் முறையை உலகெங்கும் பரப்பியதும் அதுவே. மாதச் சம்பளக்காரரின் வீட்டுக்குப் பெரும் பொருள்களைக் கொண்டுவந்தது அந்தத் தவணை முறை. அதன் நன்மை தீமைகளைப் பின்னர் காண்போம்.

தமிழரின் வீட்டு வரலாற்றில் குளிர்ப்பெட்டிக்கு வேறொரு துயர அத்தியாயமும் உண்டு. 1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நகரின் ஏனைய பகுதிகளிலும் தமிழர் வீடுகள் தாக்கப்பட்டபோது, வாழ்நாள் முழுவதும் சேமித்து வாங்கிய சாமான்கள் சூறையாடப்பட்டன. எஞ்சியவை வீதியில் எரிந்தன. அகதி முகாமில் இருந்தவருக்கு உயிரே பெரிது. பெட்டி ஒரு பொருட்டன்று. ஆயினும் மீண்டும் ஒரு வீட்டை அமைக்க முற்பட்டபோது, கரண்டியிலிருந்து குளிர்ப்பெட்டி வரை எல்லாவற்றையும் புதிதாகத் தேடவேண்டியிருந்தது. யாழ்ப்பாணக் குடாநாடோ 1990 தொடக்கம் நாட்டின் மின்வலையிலிருந்து துண்டிக்கப்பட்டுக் கிடந்தது. அங்கே குளிர்ப்பெட்டிகள் புத்தகமும் துணியும் வைக்கும் அலுமாரிகளாயின. லக்சபான மின்சாரம் அங்கே நிலையாகத் திரும்பியது 2013ஆம் ஆண்டளவில்தான். இரும்புப் பெட்டி தன்னளவில் ஒரு வசதியன்று. அமைதியும் மின்சாரமும் உடனிருந்தாலே அது வசதியாகும்.

பெட்டிக்குள் இருக்கும் வாயு

பெட்டியின் குழாய்களுட் சுழலும் வாயுவுக்கும் ஒரு வரலாறுண்டு. ஆரம்பகாலப் பெட்டிகளில் சல்பர் டையொக்சைட்டு, மீதைல் குளோரைட்டு முதலிய நச்சு வாயுக்கள் பயன்பட்டன. அவை கசிந்து மக்கள் மாண்டனர். பெர்லினில் ஒரு குடும்பம் அவ்வாறு மாண்ட செய்தியை வாசித்தே, அல்பேட் ஐன்ஸ்டைனும் லியோ சிலார்டும் 1920களில் கசிவில்லாத குளிர்ப்பெட்டி ஒன்றை அமைக்க முயன்றனர். அவர்கள் முயற்சி சந்தைக்கு வருமுன்னர், தோமஸ் மிட்ஜ்லி குழுவினர் 1930ஐ அண்டி ‘பிறியோன்’ என்னும் வாயுவை அளித்தனர். அது மணமற்றது, எரியாதது, நச்சற்றது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அதில் குற்றங்காண ஒருவருமில்லை. 1974இல் மொலினா, றோலண்ட் என்னும் அறிஞர் இருவர், அது வானில் உயர்ந்து ஓசோன் படையைச் சிதைக்கும் என்று எடுத்துக்காட்டினர். 1987இல் மொன்றியல் உடன்படிக்கை பிறந்தது; இலங்கை 1989இல் அதனை ஏற்றது. 2010ஆம் ஆண்டுடன் அவ்வாயுக்களின் உற்பத்தி உலகெங்கும் முடிவுக்கு வந்தது.

அதன் இடத்துக்கு வந்த ஆர் 134ஏ ஓசோனைத் தாக்காது. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வலியது. இன்று பரவிவரும் ஆர் 600ஏ என்னும் ஐசோபியூட்டேன் இவ்விரு குற்றங்களும் மிகக் குறைந்தது, ஆனால் எரியக்கூடியது. வீட்டுப் பெட்டியில் அதன் அளவு மிகச் சிறிது, ஆதலால் பயன்படுத்துவோர் அஞ்சவேண்டியதில்லை. திருத்துவோர் மட்டும் பயிற்சி பெற்றவராக இருத்தல் வேண்டும். ஒருகொடவத்தையிலேயே அரச தொழிற்பயிற்சி நிலையங்கள் உள்ளன. அயலிலுள்ள இளைஞர் இத்தொழிலை முறையாகக் கற்றால், ஊருக்குப் பாதுகாப்பும் அவர்களுக்கு வருவாயும் ஒருங்கே கிட்டும்.

அலகுக் கணக்கு

இனி நண்பரின் கேள்விக்கு வருவோம். கடையில் எழுதப்பட்ட விலை, பெட்டியின் விலையில் ஒரு பகுதியே. மறு பகுதி மாதந்தோறும் மின்சாரச் சிட்டையில் வருகிறது. 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரி 75 வீதத்தாலும், 2023 பெப்ரவரியில் 66 வீதத்தாலும் உயர்த்தப்பட்டதை நாம் மறக்கவில்லை. பின்னர் சில குறைப்புகள் வந்தனவெனினும், கட்டணத்தின் அமைப்பைப் புரிந்துகொள்ளாமல் பெட்டி வாங்குவது ஆழம் பாராது ஆற்றில் இறங்குவதாகும்.

நமது வீட்டுக் கட்டணம் படிக்கட்டுப் போன்றது. மாதம் 60 அலகுக்குள் நிற்கும் வீட்டுக்கு ஒரு பட்டியல். 60ஐத் தாண்டும் வீட்டுக்கு வேறு பட்டியல். தாண்டியவருக்கு மேலதிக அலகுகளின் விலை மட்டுமன்றி முதல் அலகுகளின் விலையும் நிலையான கட்டணமும் மாறுகின்றன. ஆகவே ஒரே ஓர் அலகும் சிட்டையைப் பாய்ந்தேறச் செய்யலாம்.

நண்பரின் வீடு மாதம் 38 அலகு பயன்படுத்துகிறது என்று கொள்வோம். ஆண்டுக்கு 240 அலகு கொள்ளும் சிக்கனப் பெட்டி மாதத்துக்கு 20 அலகு கேட்கும், மொத்தம் 58. படியைத் தாண்டவில்லை. பழைய பெட்டி ஒன்று மாதம் 40 அலகு கேட்குமாயின் மொத்தம் 78; படியைத் தாண்டிவிட்டது. இரண்டுக்கும் மாத வேறுபாடு 20 அலகு. பத்தாண்டில் 2,400 அலகு. மலிவாக வாங்கிய பழைய பெட்டி, தன் மலிவை ஆண்டுதோறும் திருப்பிக் கேட்கும் கடன்காரனாக மாறுகிறது. ஆகையால் முதலில் செய்யவேண்டியது, கடந்த ஆறு மாதச் சிட்டைகளை எடுத்து விரித்துப் பார்த்தல். இரண்டாவது, கடையில் நிறத்தையும் கைபிடியையும் பாராமல், ஆண்டுக்கு எத்தனை அலகு என்று பொறித்த சீட்டை வாசித்தல்.

அளவு அடுத்த கேள்வி. ஐவர் கொண்ட இக்குடும்பத்துக்கு 200 லீற்றரை அண்டிய பெட்டி போதும். பெரிய பெட்டி நிறையாமலே மின்சாரம் தின்னும். மிகச் சிறியதில் பொருள்களை நெருக்கி அடைத்தால் குளிர்காற்று உலாவாது. வகையைப் பொறுத்தவரை, ஒற்றைக் கதவுடன் பனி படியும் எளிய பெட்டி விலை குறைந்தது. உறுப்புகள் குறைவாதலால் திருத்தமும் எளிது. ஆனால் உறைபனியை அவ்வப்போது உருக்கி அகற்றவேண்டும்; தடித்த பனி ஒரு போர்வைபோற் குளிரைத் தடுக்கும். பனி படியாத வகையில் விசிறியும் பனியுருக்கும் வெப்பக் கம்பியும் உண்டு. வசதி அதிகம், செலவும் அதிகம். தேவைக்கேற்ப வேகத்தை மாற்றும் இன்வேட்டர் அமுக்கி கொண்டவை மின்சாரத்தைச் சிக்கனமாக்கும். ஆனால் அவற்றின் மின்னணுப் பலகை பழுதுற்றால் திருத்தச் செலவு பெரிது. நண்பருக்கு நாம் கூறியது: ஒற்றைக் கதவு, ஏறத்தாழ 200 லீற்றர், அலகுச் சீட்டில் குறைந்த எண், ஆர் 600ஏ வாயு, அயலில் உதிரிப்பாகமும் திருத்துநரும் கிடைக்கும் பெயர். இன்வேட்டர் வகைக்கு விலை வேறுபாடு சிறிதானால் அதனை வாங்கலாம், பெரிதானால் வேண்டாம்.

பழைய பெட்டி வாங்குவதொன்றே வழியெனில், அதனை இயங்கவிட்டு ஒரு மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். கதவின் றப்பர் விளிம்பில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்தால், அது எளிதில் வழுகி வரக்கூடாது. வந்தால் குளிர் கசிகிறது. பின்புறத்தில் எண்ணெய்க் கறை இருந்தால் வாயு கசிந்ததற்கு அறிகுறி. யப்பானிலிருந்து வந்த பழைய பெட்டிகள் 100 வோல்ட்டுக்கு அமைந்தவை. நமது 230 வோல்ட்டில் நேரே இணைத்தால் எரிந்துபோகும்.

வாங்கிய பின்னர் அதனைச் சுவரோடு ஒட்டி வைக்கலாகாது. உள்வெப்பத்தை வெளியே கொட்டுவதே அதன் தொழில் என்று முன்னர் கண்டோம். கொட்ட இடமில்லையெனில் இயந்திரம் ஓயாது உழைக்கும். ஒருகொடவத்தை போன்ற தாழ்நிலத்தில் மற்றுமொரு கவனம் தேவை. 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகி வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பகுதிகளை மூழ்கடித்தபோது, தவணை முடியாத பெட்டிகள் எத்தனையோ சேற்றில் மிதந்தன. சீமெந்துக் கற்களை அடுக்கி உயரத்தில் வைப்பதும், வெள்ளம் வருமென்றால் மின்னிணைப்பை முதலில் அகற்றுவதும் உயிரையும் பொருளையும் காக்கும். வெள்ளத்தில் நனைந்த பெட்டியைத் திருத்துநர் பாராமல் மீண்டும் இணைத்தல் கூடாது.

தவணைக் கணக்கு

மாதந்தோறும் சிறு தொகை கட்டினால் போதும் என்று கடை கூறும். கூட்டிப் பார்ப்போம். 1,20,000 ரூபா ரொக்க விலையுள்ள பெட்டிக்கு மாதம் 6,800 ரூபா வீதம் 24 மாதம் கட்டுவதென்றால் மொத்தம் 1,63,200 ரூபா. மேலதிகம் 43,200. ‘ஆண்டுக்கு 18 வீதமே வட்டி’ என்று இதனைச் சொல்வர். ஆனால் முழுக் கடனும் ஈராண்டும் நம் கையில் இருப்பதில்லை. மாதந்தோறும் அது குறைந்துகொண்டே வருகிறது. குறையும் கடனுக்குக் கணக்கிட்டால் உண்மை வட்டி ஆண்டுக்கு 31 வீதத்துக்கும் மேல். இதைக் கணிதம் கற்பிக்கும் ஆசிரியர்கள் வகுப்பிலே ஒரு பயிற்சியாகத் தரலாம். மாணவர் வீட்டுக்குச் சென்று பெற்றோரின் தவணைப் புத்தகத்தைச் சரிபார்ப்பர். இந்நாட்டில் 1982ஆம் ஆண்டிலேயே நுகர்வோர் கடன் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது. கையொப்பமிடுமுன் ஒப்பந்தத்தை வாசிக்கும் பழக்கமும், விளங்காததைக் கேட்கும் துணிவும் வேண்டும். நம்பிக்கையான அயலவர் பன்னிருவர் கூடிப் பிடிக்கும் சீட்டு, வட்டியின்றி அதே பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவரும் என்பதையும் நம் பெண்கள் நெடுநாளாக அறிவர்.

நண்பரின் மனைவியே இறுதியில் எமது கணக்கைத் திருத்தினார். “அண்ணை, நீங்கள் அலகைக் கணக்குப் பார்த்தீர்கள், எனது நேரத்தைக் கணக்குப் பார்க்கவில்லை” என்றார். காலையும் மாலையும் சந்தைக்குச் செல்வதும், ஒரு கறியை மும்முறை சூடாக்குவதும், கெட்டுப்போனதைக் கொட்டுவதும், மாமியாரின் மருந்தை நீர்ச்சட்டிக்குள் வைத்து அஞ்சி அஞ்சிக் காப்பதும் அவருடைய உழைப்பு. அவ்வுழைப்புக்குச் சிட்டை வருவதில்லை; ஆகவே அது கணக்கில் ஏறுவதுமில்லை. அவர் கூறியது சரி. நாம் தலைகுனிந்து ஏற்றுக்கொண்டோம். ஆயினும் ஒன்று: பெட்டி வந்தபின் எஞ்சும் நேரம் அவருக்கே உரியதாகவேண்டும். மிச்சமான மணி நேரத்தில் மற்றுமொரு வேலையைச் சுமத்தினால், இயந்திரம் விடுவித்தது ஆடவரை மட்டுமே.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்டது. கதவு திறவாத குளிர்ப்பெட்டி காக்கக்கூடியது நான்கு மணி நேரமே. அந்நாட்களில் எத்தனை வீடுகளில் பாலும் மீனும் மருந்தும் கெட்டன! தனித்தனியே சிக்கனம் பார்த்துச் சிறந்த பெட்டியைத் தெரிந்தெடுத்தவரும் அந்த இருளில் ஒருவராகவே இருந்தார். சிக்கனம் வீட்டைக் காக்கும்; மின்னிலையத்தைக் காப்பதில்லை. எல்லோருக்கும் எட்டக்கூடிய கட்டணம், மருந்தகத்திலும் சந்தையிலும் பொதுக் குளிர்க்களஞ்சியம், ஒளிவில்லாத தவணை, பெட்டிகளைத் திருத்தத் தெரிந்த ஊர் இளைஞர் ஆகியவை ஒருவர் கடையில் வாங்கக்கூடிய பொருள்களல்ல. பலர் சேர்ந்து கேட்டுப் பெறவேண்டியவை.

நண்பர் சீட்டுப் பிடித்தார். ஏழாவது மாதத்தில் முறை வந்தது. ஒற்றைக் கதவுப் பெட்டி ஒன்று இப்போது நான்கு சீமெந்துக் கற்களின் மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்கிறது. முதன்முதல் அதனுள் வைக்கப்பட்டது தாயாரின் மருந்து. சென்ற மாதச் சிட்டையை அவர் எம்மிடம் காட்டினார்: 59 அலகு.

வீதியில் வெண்ணிறக் கொள்கலன்கள் அன்றும் வரிசையாகக் காத்து நின்றன.